தீவகத்து ஆநிரையும் கோடைநீரும்



இளவேனில் என்றவுடன் தளிரும் மலரும் நம் நினைவில் எழுகின்றன. குளிர்நாடுகளில் அஃது உண்மையே. பனிக்காலம் முழுவதும் கொட்டிலில் அடைபட்டிருந்த பசுக்களை, இளவேனில் பிறந்ததும் அங்குள்ளோர் புல்வெளியில் திறந்து விடுவர். யாழ்ப்பாணத்துத் தீவகத்திலோ நிலைமை நேர்மாறானது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மாரியே அங்கு புல்லை வளர்ப்பது. மாசியிற் புல் காயத் தொடங்கும். சித்திரையில் ஓரிரு மழை தலைகாட்டினாலும், அடுத்த மாரி வரும்வரை வறட்சியே மிகுதி. ஆறு என்பதொன்று அங்கில்லை. ஆகவே, இளவேனிலை நோக்கித் தீவார் செய்யும் ஆயத்தம் வளத்தை வரவேற்கும் ஆயத்தமன்று. தட்டுப்பாட்டைக் கடக்கும் ஆயத்தம்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கல். மாட்டைக் குளிப்பாட்டி, பொட்டிட்டு, மாலை சூட்டி மகிழ்ந்தபின் வேலைகள் வரிசையாக வந்து நிற்கும். வைக்கோலை மழை புகாவண்ணம் போராகக் குவிக்க வேண்டும். அறுவடை முடிந்த வயலிற் பட்டியடைத்து எருச் சேர்க்க வேண்டும். நெடுந்தீவிலே சாந்தின்றிப் பவளக் கற்களால் அடுக்கிய வேலிகள் மாரியிற் சரிந்திருக்கும். அவற்றை மீள அடுக்க வேண்டும். கேணியிலும் துரவிலும் படிந்த சேற்றை, நீர் வற்றும் தருணம் பார்த்து வாரி எடுக்க வேண்டும். வைக்கோல் குறையுங் காலத்துக்கெனப் பனையோலையும் பூவரசங்குழையும் எந்த வளவில் உண்டென்று முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும்.

இவ்வொழுங்கை எந்த அரசும் விதித்ததில்லை. ஆயினும், தீவகத்தின் வழியே சென்ற விலங்குகளின்மீது அரசுகள் எக்காலமும் கண் வைத்தே வந்துள்ளன. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு. எஞ்சிய மூன்று பங்கும் உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு. விலங்கு கொணர்ந்த வணிகனுக்கு மன்னன் காட்டிய சலுகை இது. அக்கல்வெட்டுக் கூறும் ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. வன்னியிற் பிடித்த யானைகளைப் பிற்காலத்தில் அங்கிருந்தே கப்பலேற்றினர். கயிற்ஸ் என்ற அதன் மறுபெயரும் துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபேயாகும்.

பசுத்தீவு என்றும் வழங்கிய நெடுந்தீவுக்கு, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தம் தாயகத்து நகரொன்றின் பெயரால் டெல்வ்ற் எனப் பெயரிட்டனர். அங்கே குதிரை வளர்த்தனர். 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் காலத்தில் லெப்டினன்ட் நோலன் என்பார் அப்பணியை மேற்பார்த்தார். பின்னர் அரசுக்குக் குதிரை வேண்டாததாயிற்று. லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. குதிரைகளின் வழித்தோன்றல்கள் வெளியிற் கட்டாக்காலிகளாய்த் திரிகின்றன.

கட்டாக்காலி என்ற சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். காலி என்பது ஆநிரை. கட்டாக்காலி, கட்டுவாரற்ற ஆநிரை. கட்டுவார் இல்லையெனின் நீர் இறைப்பாரும் இல்லை. கோடையில் நீர்நிலை வற்றும்போது, அண்மைய ஆண்டுகளிலும் அக்குதிரைகள் தாகத்தால் மடிந்துள்ளன. 2015இல் அவை வாழும் நிலப்பரப்பு தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு எல்லையைக் காக்கும். தொட்டியை நிரப்ப ஒரு கை வேண்டும். 1990ஆம் ஆண்டுப் போரில் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, அவர்கள் அவிழ்த்துவிட்ட மாடுகளும் இவ்வாறே கட்டாக்காலிகளாயின. ஆண்டாண்டாய்ப் பேணிய மந்தை, பேணுவார் அகன்றதும் காடேறிவிட்டது.

முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். தெருவோரத்திலே கேணியும் நீர்த்தொட்டியும் அமைத்து, மாடு உடல் உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் நாட்டுவதை அவர்கள் அறமாகக் கொண்டனர். தன் மாடு, பிறன் மாடு என்ற வேறுபாடு அத்தொட்டிக்கு இல்லை. கட்டாக்காலிக்கும் அங்கே ஒரு வாய் நீர் இருந்தது.

ஆகவே, இவ்வாண்டு மாசி பிறக்கும்போது தீவகத்துக் கமக்காரர் வைக்கோற்போரையும் கல்வேலியையும் பார்ப்பதோடு, ஊர்த்தொட்டியில் வெடிப்பு உண்டா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வாராக. வெடிப்பை அடைக்க ஒரு நாள் போதும். அடைக்காமல் விட்டால், சித்திரை வெயிலில் அதன் விலையைத் தருவது வாயில்லாச் சீவன்களே.