தண்ணி உள்ள வரட்டும்: கயாக்குக்கு முன்னால் ஒரு கட்டுமரம்

இந்த எபிசோடை நான் குன்னூரில், அம்மா வீட்டுல உட்கார்ந்து பதிவு செய்கிறேன். பின்னால சத்தம் கேட்டா அது தகரக் கூரை மேல மழை. சுமார் 1,850 மீட்டர் உயரத்துல உட்கார்ந்துக்கிட்டு கடலைப் பத்திப் பேசப் போறேன். ஏன்னு கடைசியில் புரியும். குன்னூருக்கும் இந்தக் கதையில ஒரு பங்கு இருக்கு.

நான் சென்னையில கயாக்கில் உட்கார்ந்து தூண்டில் போடுற போட்டோ ஒண்ணைப் பகிர்ந்ததிலிருந்து நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டீங்க: "கயாக் ஃபிஷிங் எப்படி ஆரம்பிக்கிறது? என்ன வாங்கணும்?" பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்தப் போட்டோவுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு என்ன நடந்ததுன்னு சொல்லிடணும். அதை நான் பகிரலை.

ஜூன் மாசம். காலை ஆறரை மணி. ஈ.சி.ஆர். பக்கம் ஒரு குப்பத்துக்குத் தெற்கே, நண்பரோட பழைய கயாக்கில் கிளம்பினேன். கடல் ஊட்டி ஏரி மாதிரி கிடந்தது. அலையே இல்லை. முதுகுல இதமா காத்து. துடுப்பே போட வேண்டாத அளவுக்கு வண்டி தானா போகுது. ஒரு கிலோமீட்டர் தாண்டியிருப்பேன். ரெண்டு சின்ன பாறை மீன் மாட்டிச்சு, போட்டோ எடுத்தேன், சந்தோஷமா திரும்பினேன். திரும்பினப்பதான் தெரிஞ்சது, அந்த இதமான காத்து இப்ப மூஞ்சில அடிக்குது. நாற்பது நிமிஷம் துடுப்பு போட்டேன். கரை கிட்ட வரலை. கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னுகூட சொல்லலாம்.

வலை எடுத்துட்டு வந்துக்கிட்டிருந்த ஒரு ஃபைபர் படகுதான் என்னைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தது. அதுல இருந்த பெரியவர் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் கேட்டார்: "எந்த ஊருப்பா?"

"குன்னூர்ண்ணே."

"மலையில இருந்து இறங்கி வந்து, மேலகாத்துல கடலுக்குப் போனியா?"

மேலகாத்துன்னா மேற்கிலிருந்து வர்ற காத்து. கிழக்குக் கரையில அது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். கரையோரத்து அலையை அமுக்கி, கடலைக் கண்ணாடி மாதிரி காட்டும். புதுசா வர்றவன் அதைப் பார்த்து ஏமாந்து இறங்குவான். தென்மேற்குப் பருவக்காத்து நடக்கிற ஆனி, ஆடியில அது காலையிலும் பலமா அடிக்கும். அதைத் திருப்பித் தள்ளுற கடல்காத்து வர மதியம் தாண்டலாம். சில நாள் ஒழுங்கா வராமலே போகும். மத்த மாசங்கள்ல விடியற்காலைக் கரைக்காத்துல வெளியே போய், பகல்ல எழும்புற கடல்காத்துல பாய் விரிச்சுத் திரும்புறதுதான் கட்டுமரக்காரர்களோட தினசரி கணக்கு. என் கயாக்குக்குப் பாயும் கிடையாது, எனக்குக் கணக்கும் தெரியாது.

கரையில அவர் வீட்டுப் பக்கத்துல நாலைந்து கட்டைகள் கயிறு அவிழ்த்து மணல்ல காயப் போட்டிருந்தது. "அப்பாவோட மரம்"னார். அவர் கட்டுமரம்னுகூடச் சொல்லலை, வெறும் 'மரம்'. அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. படிக்க ஆரம்பிச்சேன். இந்த எபிசோட் அங்கேயிருந்து வந்ததுதான்.

முதல்ல இந்தக் கயாக்கைப் பாருங்க. அசல் கயாக் ஆர்க்டிக் பகுதி இனுவிட் மக்களுடையது. சட்டத்து மேல கடல்நாய்த் தோல் போர்த்தி, ஆள் இடுப்பு வரைக்கும் உள்ளே இறங்கி உட்கார்ற வண்டி. அங்கே தண்ணி உள்ளே வந்தா குளிர்லயே ஆள் போயிடுவான். அதனால அதோட அடிப்படை விதியே தண்ணியை உள்ளே விடாதே என்பதுதான். ஆனா இன்னைக்கு நாம மீன் பிடிக்கப் பயன்படுத்துறது அது இல்லை. 'சிட்-ஆன்-டாப்'னு சொல்ற, மேலே உட்கார்ற கயாக். 1970களின் தொடக்கத்துல கலிஃபோர்னியாவின் மலிபு கடற்கரையில டிம் நீமியர் என்பவர் உருவாக்கிய வகை இது. மூடிய பிளாஸ்டிக் உடம்பு, உட்காரும் தளத்துல ஓட்டைகள். அலை மேலே ஏறினா ஓட்டை வழியா தண்ணி தானா கீழே இறங்கிடும். கவிழ்ந்தா புரட்டிப் போட்டு ஏறிக்கலாம், தண்ணி இறைக்கிற வேலையே இல்லை.

இந்த யோசனை கட்டுமரத்துல எப்பவோ இருக்கு. மூணு முதல் ஏழு வரைக்கும் லேசான கட்டைகள், கயிறு, முன்பக்கம் கொஞ்சம் மேலே வளைஞ்ச அணியம். ஒரு ஆணி கிடையாது. உள்பக்கம்னே ஒண்ணு இல்லாததால நிரம்பி மூழ்கவும் வழியில்லை. கட்டைகளுக்கு நடுவுல தண்ணி வரும், போகும். சோழமண்டலக் கரையில இயற்கைத் துறைமுகங்கள் அபூர்வம். அலை உடையிற இடத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போகணும், அதே அலை மேலேதான் திரும்பி வரணும். அந்தக் கரைக்கு, அந்த வெதுவெதுப்பான தண்ணிக்கு, இதைவிடப் பொருத்தமான ஒண்ணைக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். தொழில் முடிஞ்சதும் கட்டு அவிழ்த்துக் கட்டைகளைக் காய வைப்பாங்க, இல்லைன்னா மரம் தண்ணி குடிச்சு கனமாகிடும். கட்டு, மரம். பெயரிலேயே செய்முறை இருக்கு.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி, கடற்கொள்ளைக்காரராவும் இருந்தவர், 1690ல சென்னைக்கு வந்தார். 1697ல வெளிவந்த அவரோட உலகப் பயண நூல்ல இந்தக் கரையின் கட்டுமரங்களைப் பத்தி எழுதினார். 'கேட்டமரன்' என்ற சொல் ஆங்கிலத்துல பரவ அந்தப் புத்தகம் ஒரு முக்கியக் காரணம். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1876ல நதானியல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் ரெண்டு உடம்பு உள்ள 'அமரில்லிஸ்' என்ற பாய்மரப் படகைக் கட்டி, நியூயார்க் போட்டியில எல்லாரையும் முந்தினார். அந்த மாதிரிப் படகுக்கு 'கேட்டமரன்'னு பேர் ஒட்டிக்கிச்சு. அந்த வடிவத்துக்கும் நம்ம கட்டுமரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதோட உறவுக்காரங்க பசிபிக் தீவுகள்ல இருக்காங்க. இன்னைக்கு கூகுள்ல தேடினா கோடீஸ்வரர்களோட படகுதான் வரும். பேர் நம்மளோடது, படம் வேற.

சென்னையில கட்டுமரக்காரர்கள் மீன் மட்டும் பிடிக்கலை. துறைமுகம் கட்டுறதுக்கு முன்னாடி கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் கயிறால் தைத்த மசூலா படகுகள்ல வரும். அந்தப் படகுகளே கடலுக்குப் போக முடியாத அலையில கட்டுமரம் போகும். கப்பலுக்கான கடிதங்களை ஓலையில முடைஞ்ச கூம்புத் தொப்பிக்குள்ள வெச்சு, தலையில கட்டிக்கிட்டுப் போவாங்க. அலை ஆளைத் தள்ளிவிடும். நீந்தி வந்து திரும்ப ஏறுவாங்க, கடிதம் நனைஞ்சிருக்காது. மசூலா கவிழ்ந்தா பயணிகளைத் தூக்குறதும் இவங்கதான். அதுக்காக அரசு பதக்கமும் கொடுத்திருக்கு. கம்பெனியோட எழுத்தும் உயிரும் இவங்க தலை மேல போயிருக்கு. ஆனாலும் அந்தக் காலத்துப் பயணக் குறிப்புகள்ல இவங்களைப் பத்தி வர்ற வார்த்தைகள் பெரும்பாலும் 'நிர்வாணம்', 'பழமை' இந்த ரகம்தான். படிக்கிறப்போ எனக்குக் கோபம் வந்தது.

இப்ப குன்னூர். இங்கே 1936ல ஒரு வெள்ளைக்காரர் காலமானார். சர் ஃபிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவுச் சங்கங்களோட வரலாறு படிச்சவங்களுக்குத் தெரிஞ்ச பேர். 1890களில் விவசாயக் கடன் பத்தி ரெண்டு பெரிய அறிக்கை எழுதினவர். பணி ஓய்வுக்கு அப்புறம் அவர் கையில எடுத்தது மீன். 1907ல தொடங்கின மெட்ராஸ் மீன்வளத் துறையின் முதல் பெரிய மனுஷன் அவர்தான். அதுக்காக ஜப்பானுக்கே போய்ப் பார்த்து, அதே வருஷம் ஒரு அறிக்கையும் எழுதினார். ஜப்பானிலும் அப்போ மீன்பிடி பெரும்பாலும் சின்னப் படகுக் கிராமங்களோட தொழில்தான்.

அவர் காலத்துல நீராவி டிராலர் ஒரு பெரிய கனவு. நிக்கல்சன் அந்தப் பக்கம் அவசரமா ஓடலை. இருக்கிற மீனவர், இருக்கிற மரம், இருக்கிற கிராமம், இங்கேயிருந்து படிப்படியா போகணும்னு நினைச்சார். எண்ணூர்ல மீன் பதப்படுத்துற சோதனை நிலையம், கூட்டுறவு, இப்படிப்பட்ட வேலைகள்லதான் அவர் கவனம். மீனவர்களை அறியாதவங்களா பார்க்கிற காலனி அதிகாரி பார்வை அவர்கிட்டயும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ஆனா மரத்தைத் தூக்கிப் போடச் சொல்லலை. அவருக்கு அப்புறம் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் ஹார்னெல் இன்னும் ஒரு படி மேலே. இந்தியப் படகு வடிவங்களைப் பத்தி 1920ல ஒரு தனி ஆய்வே வெளியிட்டார்.

அதே வருஷங்கள்ல நம்ம நீலகிரியில நடந்ததையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. எச்.சி. வில்சன் என்ற அதிகாரி வெளிநாட்டிலிருந்து முட்டை வரவழைச்சு, 1907 வாக்குல அவலாஞ்சியில டிரவுட் குஞ்சு பொரிக்கிற நிலையம் அமைச்சார். துரைமார்கள் ஞாயித்துக்கிழமை தூண்டில் போட. நானும் சின்ன வயசுல மீன்பிடின்னா அதுதான்னு நினைச்சேன். லைசென்ஸ், தொப்பி, ஓடைக்கரை. பொழுதுபோக்குக்குப் பிடிச்சா 'ஆங்ளிங்', வயித்துக்குப் பிடிச்சா 'பழமையான தொழில்'. அந்தப் பாகுபாடு எனக்கு எங்கேயிருந்து வந்ததுன்னு இப்ப புரியுது.

நிக்கல்சனோட மெதுவான வழி நீடிக்கலை. 1950களில் கேரளத்து நீண்டகரையில இந்தோ-நார்வே திட்டம், அப்புறம் இயந்திரப் படகு, 1960களில் இறால் ஏற்றுமதி. டிராலர்கள் கரை ஓரமாவே இழுத்தன. மரத்துக்காரங்களோட வலையும் அறுந்தது, மீனும் குறைஞ்சது. கடல்லயும் கரையிலும் மோதல். கடைசியில 1983ல தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்து, கரையிலிருந்து முதல் 3 கடல் மைலைப் பாரம்பரிய மீனவர்களுக்குன்னு ஒதுக்கினது. அப்புறம் வெளி மோட்டார், 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமா வந்து குவிஞ்ச ஃபைபர் படகுகள். மரம் மெல்ல மெல்லக் கரை ஏறிடுச்சு. சில குப்பங்கள்ல அதே வடிவத்தை ஃபைபர்ல செஞ்சு ஓட்டுறாங்க. உட்பக்கம் இல்லாத, மேலே உட்கார்ற வண்டி. ஆமா, கிட்டத்தட்ட என் கயாக்.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது? பத்து, பன்னிரண்டு அடி நீளத்துல மேலே உட்கார்ற கயாக் போதும். விலை உயர்ந்த ராடு அப்புறம் பார்த்துக்கலாம். முதல் செலவு லைஃப் ஜாக்கெட், அதைப் போட்டுக்கணும், பின்னால கட்டி வைக்கக் கூடாது. துடுப்பைக் கயிறு போட்டுக் கட்டுங்க. விசில், தண்ணி புகாத பையில போன். மீன் பிடிக்கிறதுக்கு முன்னாடி, இடுப்பளவுத் தண்ணியில வேணும்னே பத்து தடவை கவிழ்த்து ஏறிப் பழகுங்க. நான் இதைச் செய்யாம போனேன். தனியா போகாதீங்க, கரையில ஒருத்தர்கிட்ட திரும்பி வர்ற நேரத்தைச் சொல்லிட்டுப் போங்க.

இன்னொண்ணு. கயாக் போகக்கூடிய தூரம் முழுக்க பாரம்பரிய மீனவர்களுக்குன்னு ஒதுக்கின பகுதிக்குள்ளதான். அதாவது நீங்க இன்னொருத்தர் வேலை செய்யிற இடத்துக்குப் போறீங்க. மிதவை தெரிஞ்சா கீழே வலை இருக்கு, சுத்திப் போங்க. உங்க தூண்டில் முள் ஒரு வலையைக் கிழிச்சா அது ஒருத்தரோட அன்னைக்குச் சம்பாத்தியம். கிழக்குக் கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை இயந்திரப் படகுகளுக்குத்தான். துடுப்பால போற மரத்துக்கு இல்லை. ஆனா உங்க கயாக்கை எந்தக் கணக்குல சேர்க்கிறதுன்னு நீங்களா முடிவு பண்ணாம, மீன்வளத் துறை அலுவலகத்துலயும் அந்தக் குப்பத்துலயும் கேட்டுக்கோங்க.

நான் இப்ப கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பெரியவருக்குப் போன் போடுவேன். போன மாசம் காலை அஞ்சரைக்கு, கயாக்கை வண்டியிலிருந்து இறக்கிட்டுக் கூப்பிட்டேன். ஆப்ல காத்து எட்டு கிலோமீட்டர்னு காட்டிச்சு, வானம் சுத்தமா இருந்தது. அவர் வாசலுக்கு வந்து நின்ன சத்தம் போன்ல கேட்டது. கொஞ்ச நேரம் பேசலை. "இன்னைக்கு வேணாம் தம்பி"ன்னார். ஏன்னு கேட்டேன். "கீழே தண்ணி ஓட்டம் சரியில்லை"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டார். திரும்பவும் கயாக்கை வண்டி மேல கட்டிட்டு, ரோட்டோரக் கடையில இட்லி சாப்பிட்டு வீட்டுக்கு வந்தோம்.