வேகத்தடை

வேகத்தடை என்பது, ஊர்திகளின் விரைவைக் குறைக்கும் பொருட்டுச் சாலையின் குறுக்கே மேடாக அமைக்கப்படும் ஓர் அமைப்பு ஆகும். பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு ஆகியவற்றை ஒட்டிய சாலைகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. பிரித்தானியப் பேச்சு வழக்கில் இதனை "உறங்கும் காவலர்" என்பர்.

வரலாறு

1906ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்துச் சாத்தம் நகரில், பாதசாரிகள் கடக்கும் இடங்கள் சாலைமட்டத்திலிருந்து உயர்த்தப்பட்டன. 1927இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், தாம் வேந்தராக இருந்த செயின்ட் லூயிசு வாசிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் மகிழுந்துகள் விரைந்து செல்வதைக் கண்டு, 1953இல் வேகத்தடை ஒன்றை வடிவமைத்தார்.

வடிவமும் இயக்கமும்

மேடு உயரமாக இருந்தால் விரைவு குறையும் என்பது பொதுவான எண்ணம். உண்மையில் ஊர்தி செல்லும் திசையில் அதன் நீளமே முதன்மையானது. ஓரடி, ஈரடி நீளமே உள்ள மேட்டின்மீது மெதுவாகச் செல்பவருக்கும் பலத்த குலுக்கல் ஏற்படும். விரைந்து செல்லும் மகிழுந்திலோ அவ்வதிர்ச்சியின் பெரும்பகுதியைச் சக்கரங்களும் வில்களும் ஏற்றுக்கொள்வதால், உள்ளிருப்பவர் அதனை அவ்வளவாக உணர்வதில்லை. அதாவது, தண்டனை தவறான ஆளுக்குக் கிடைக்கிறது. நீண்ட மேடு ஊர்தி முழுவதையும் தூக்கி இறக்குவதால், விரைவு கூடக்கூட அசௌகரியமும் கூடும்.

பிரித்தானியாவின் போக்குவரத்து, சாலை ஆய்வுக்கூடத்தில் இது சோதிக்கப்பட்டது. வாட்ஸ் என்ற ஆய்வாளர் 1973இல் முன்வைத்த, 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வட்டவில் வடிவம் பின்னர்ப் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது.

பிற வகைகள்

குறுகிய மேடுகள் ஊர்தி நிறுத்துமிடங்களுக்கும் தனியார் வளாகங்களுக்கும் மட்டுமே ஏற்றவை. உச்சி தட்டையாக உள்ள மேடைவகை, பாதசாரிக் கடவையாகவும் பயன்படும். திண்டுவகை, இடையிடையே இடைவெளி விட்டு அமைக்கப்படுவது. அகன்ற அச்சுடைய நோயாளர் ஊர்தி, தீயணைப்பு ஊர்தி ஆகியவற்றின் சக்கரங்கள் அதன் இருபுறமும் குலுங்காமல் கடந்துவிடும். இருசக்கர ஊர்திகளும் அவ்விடைவெளியில் எளிதாக நுழைந்துவிடுவதால், அவை மிகுந்த ஊர்களில் இதன் பயன் குறைவே.

இந்தியாவில்

இந்தியச் சாலைப் பேரவை 1988இல் சிறு சாலைகளுக்கென வெளியிட்ட வழிகாட்டுதல் (ஐ.ஆர்.சி. 99), 17 மீட்டர் ஆரமும் 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வளைவைப் பரிந்துரைத்தது. இதனை மணிக்கு 25 கி.மீ. விரைவில் கடக்கலாம். மேட்டின்மீது கருப்பு வெள்ளைப் பட்டைகளும், 40 மீட்டர் முன்னதாக எச்சரிக்கைப் பலகையும் வேண்டும் என்று அது கூறியது. இவ்வழிகாட்டுதல் 2018இல் திருத்தப்பட்டது.

நடைமுறையில், விபத்து நடந்த மறுநாளே ஊரார் தாமாகக் கொட்டும் மண்மேடும் காரைமேடும் குறைவல்ல. வண்ணமும் விளக்கும் இன்றி இரவில் கண்ணுக்குத் தெரியாத இத்தகைய மேடுகளில் இருசக்கர ஊர்தியினர், குறிப்பாகப் பின்னிருக்கையில் இருப்போர், தூக்கி எறியப்பட்டு உயிரிழப்பதுண்டு. விரைந்து செல்லும் ஊர்திகளுக்குரிய தேசிய நெடுஞ்சாலைகளில் உள்ள வேகத்தடைகளை அகற்றுமாறு நடுவண் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் அறிவுறுத்தியது.