சுமைதாங்கிக் கல்லும் கார் கூரையும்

கார் கூரைமேல் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களின் வீடியோக்கள் இப்போது நிறைய வருகின்றன. பார்க்கிற எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும். பல கார்களின் கையேட்டில் கூரைக்கு 75 கிலோ என்றுதான் போட்டிருக்கும். கூடாரமே 50, 60 கிலோ. அதுக்குள்ள ரெண்டு பேர் ஏறிப் படுத்தா கூரை அமுங்கிடாதா?

இதற்கு விடை நம்ம நாஞ்சில் நாட்டுப் பழைய பாதையோரங்களிலேயே நிற்கிறது: சுமைதாங்கி. இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் நட்டவை இவற்றில் பல. நெல்லும் உப்பும் கருப்பட்டியும் தலைச்சுமடாகப் போன காலம் அது. கல்லின் உயரம் ஏறக்குறைய ஆள் உயரம். ஏத்தி இறக்க இன்னொரு ஆள் வேண்டாம். சும்மாட்டிலிருந்து அப்படியே கல்லுக்கு நகர்த்திவிடலாம்.

அதே மூட்டைதான். கல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, நடக்கிறவன் கழுத்துக்குத்தான் பாரம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இல் வெளியிட்ட பரிந்துரை, ஆண் தொழிலாளி சுமப்பதற்கு 55 கிலோவை உச்சமாக வைத்தது. அதுவும் சுமக்கிற உடம்புக்கான கணக்குதான்.

பிறகு சுமடு தலையிலிருந்து வண்டிக்கு மாறியது. 1938-இல் திருவிதாங்கூர் அரசு பஸ் விட்டபோது, திருவனந்தபுரம்–கன்னியாகுமரி சாலை அதன் முதல் தடங்களில் ஒன்று. பின்னால் ஏணியும் கூரையில் கம்பிச் சட்டமுமாக வந்த பஸ்களின் தலையில் வாழைக்குலையும் மூட்டைகளும் ஏறின. பாரம் உயரப் போகப்போக வளைவில் வண்டி சாயும் என்பது டிரைவர்களுக்குத் தெரிந்த பாடம்.

கார் கையேட்டில் இருக்கும் 75 கிலோ இந்த ஓட்டத்துக்கான கணக்கு. பிரேக், பள்ளம், வளைவு எல்லாம் சேர்ந்து கூரையைப் பிடித்து உலுக்கும். வண்டி நின்றுவிட்டால் பாரம் நேராகத் தூண்கள் வழியே கீழே இறங்கிவிடும். கார் அப்போது சுமைதாங்கி. சில நிறுவனங்கள் இரண்டு கணக்கையும் தனித்தனியே சொல்கின்றன. புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு ஓடும்போது 168 கிலோ, நிற்கும்போது 300 கிலோ.

இன்னொன்று, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடியில் வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள். வைக்கோல் வண்டிக்காரருக்குத் தெரியும்: எடை குறைவு என்றாலும் உயரமான பாரத்தைப் பக்கக்காற்று தள்ளும். மடக்கிக் கட்டிய கூடாரமும் அப்படித்தான்.

ஆகவே கூடாரம் வாங்குமுன், அதில் படுக்கப்போகிறவர்களின் எடையை விட்டுவிட்டு முதலில் இதைக் கூட்டிப் பாருங்கள்: கூடாரம், குறுக்குக் கம்பி, சட்டம். மொத்தம் கையேட்டின் ஓட்டக் கணக்குக்குள் வரணும். கம்பிக்கும் தனியாக ஓர் அளவு இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.