மாட்டாஸ்பத்திரிக்குப் போகும் நாய்

தென்காசி வட்டாரத்துச் சிற்றூர்களில் அரசு கால்நடை மருந்தகத்தை அதன் பெயர்ப்பலகையில் உள்ளபடி அழைப்பவர் அரிது. 'மாட்டாஸ்பத்திரி' என்பதே மக்கள் வழக்கு. காய்ச்சல் கண்ட நாயை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறுபவரும் 'மாட்டாஸ்பத்திரிக்கு விடுங்க' என்றுதான் சொல்கிறார். இதை வெறும் பேச்சுப் பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டில் விலங்கு மருத்துவம் யாருக்காக, எதன் பொருட்டு வளர்ந்தது என்னும் நீண்ட வரலாறு அந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. வீட்டு நாய்க்கோ பூனைக்கோ நோய் வந்தால் எந்த மருத்துவரிடம் போவது, எவ்வளவு செலவழிப்பது என்று இன்று நாம் தடுமாறுவதற்கான காரணத்தையும் அந்த வரலாற்றில்தான் தேட வேண்டும்.

தொடக்கம் என்னவோ பெருமைக்குரியதே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் வெட்டுவித்த இரண்டாம் பாறைக் கல்வெட்டு, மனிதருக்கும் விலங்குகளுக்கும் என இரு வகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்யப்பட்டதாகக் கூறுகிறது. தன் ஆட்சிப் பரப்பில் மட்டுமன்று, எல்லைக்கு அப்பால் இருந்த சோழ, பாண்டிய, சேர, சத்தியபுத்திர நாடுகளிலும் தாமிரபரணி என்று சுட்டப்படும் இலங்கையிலும் இந்த ஏற்பாடு செய்யப்பட்டதாக அவன் அறிவிக்கிறான். மூலிகைகள் இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுசென்று நடச் செய்தான் என்றும் அக்கல்வெட்டு சொல்கிறது. குற்றால மலையின் மூலிகை வளத்தைப் பற்றிப் பேசாத தென்காசிக்காரர் இல்லை. அந்த மலை நின்ற பாண்டிய நாட்டின் பெயர் விலங்கு மருத்துவம் பற்றிய அத்தனை பழைய ஆவணத்தில் இடம்பெற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது. ஆயினும் அறிவித்தவன் அயல்நாட்டு அரசன். அந்த ஏற்பாடு இங்கே எவ்வாறு நடந்தது என்பதைக் கல்வெட்டு பேசவில்லை.

ஏறத்தாழ 1500 ஆண்டுகள் கழித்து அதே பாண்டிய நாட்டைப் பற்றி இன்னொரு அயலவர் எழுதிவைத்த குறிப்பு நம்மைத் தலைகுனிய வைக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கியதையும், பாண்டியர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும் விவரிக்கிறார். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார். காரணம், குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர் இங்கே இல்லை. இதைவிடக் கூர்மையானது அவர் அடுத்துச் சொல்வது. குதிரை விற்ற வணிகர்கள் தங்களுடன் குதிரை வைத்தியரை அழைத்து வருவதுமில்லை. வேறு யாரும் வந்துவிட விடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்!

அயலவர் கூற்றில் மிகை இருக்கலாம். எண்ணிக்கையை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதில் உள்ள பொருளாதாரம் பொய்யன்று. மருத்துவத்துக்குச் செலவிடாமல், செத்த விலங்கின் இடத்தில் புதியதை வாங்கி நிரப்புவதே முடிவில் பெருஞ்செலவாயிற்று. அச்செலவைப் பாண்டியனின் கருவூலம் தாங்கியது. குட்டி செத்தவுடன் தடுப்பூசி பற்றி யோசியாமல் அதே விலையில் இன்னொரு குட்டி வாங்கிவரும் குடும்பங்களை இன்றும் காண்கிறோம். வைரஸ் வீட்டுத் தரையிலேயே காத்திருக்க, இரண்டாவது குட்டியும் சாகிறது.

குதிரையின் நிலை இதுவாயிருக்க, மாட்டின் நிலை வேறாக இருந்தது. 'மாடு' என்ற சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்றே ஒரு பொருள் உண்டு. திருவள்ளுவர் கல்வியின் சிறப்பைக் கூறுமிடத்தில் அப்பொருளில் அதனை ஆள்கிறார். செல்வத்தைக் காக்க ஒரு கலை வேண்டுமல்லவா? மாட்டு வாகடம் என்ற பெயரில் ஓலைச்சுவடிகளாக வழங்கிய மருத்துவ நூல்கள் அக்கலையின் எச்சங்கள். ஊருக்கு ஒருவர் மாடு பார்க்கத் தெரிந்தவராக இருந்தார். மூங்கில் குழலில் மருந்தூற்றுவதும், கழுத்திலும் விலாவிலும் சூடு போடுவதும் அவர் தொழில். காசு வாங்கினால் மருந்து பலிக்காது என்று மறுத்தவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். வெக்கை, கோமாரி என்று நோய்களுக்குத் துல்லியமான பெயர்கள் இருந்தன. அதாவது நோயை அடையாளம் காணும் அறிவு ஆழமாக இருந்தது. ஆனால் வெக்கை ஓர் ஊருக்குள் நுழைந்துவிட்டால் தொழுவங்கள் காலியாவதை அந்த அறிவால் தடுக்க இயலவில்லை.

இவற்றுக்கிடையே நாய் எங்கே? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்ததான, ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உள்ளது. வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்து எதிர்த்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் கல்வெட்டு பொறித்து வைத்திருக்கிறது. 1400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குத் தனிப்பெயர் இருந்தது. அதைக் கல்லில் வெட்டும் அளவுக்கு அன்பும் இருந்தது. ஆக, நாயின் மீதான அன்பு மேல்நாட்டார் கொண்டுவந்து கொடுத்த நாகரிகம் என்பாரின் கூற்று பொருந்தாது. அன்பு இருந்தது. மருத்துவ அமைப்புதான் அந்த அன்பைத் தேடி வரவில்லை.

நவீன விலங்கு மருத்துவமும் பொருளாதாரத்தின் பிள்ளையே. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-62-இல் பிரான்சின் லியோன் நகரில் தோன்றியபோது ஐரோப்பாவைக் கால்நடைக் கொள்ளைநோய் உலுக்கிக்கொண்டிருந்தது. அங்கே பயின்ற வில்லியம் மூர்கிராஃப்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1808-இல் இந்தியாவுக்கு அழைத்தது, குதிரைப்படைக்கு நல்ல குதிரைகளை உருவாக்கித் தருவதற்காக. பிறகு மாட்டின் முறை. கால்நடைக் கொள்ளைநோய் பற்றி ஆராய அமைக்கப்பட்ட ஓர் ஆணையம் 1871-இல் அறிக்கை அளித்தது. உழவு மாடு செத்தால் நிலவரி வராது என்பதை அரசு அறிந்திருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1903 அக்டோபர் 1 அன்று சென்னை வேப்பேரியில், டாபின் ஹால் என்ற கட்டடத்தில், 20 மாணவர்களுடன் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1935-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1932-இல் இராணிப்பேட்டையில் தடுப்பு மருந்து நிறுவனம் உருவாயிற்று. வெக்கை நோய்க்கு எதிராக இத்தகைய நிறுவனங்கள் நடத்திய நெடும்போரின் பயனாக, இந்தியாவில் அந்நோய் 1995-க்குப் பின் தோன்றவில்லை. 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் இதுவே. மாட்டாஸ்பத்திரி என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் கட்டடத்துக்கு இந்த வெற்றியில் பங்குண்டு என்பதை மறக்கலாகாது.

நாயோ இந்த அமைப்புக்குள் நோயாளியாக நுழையவில்லை, ஆபத்தாக நுழைந்தது. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண்மணி வெறிநாய்க்கடியால் இறந்ததைத் தொடர்ந்து, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று முந்தைய தலைமுறை நடுங்கிய மருத்துவம் அந்தக் காலத்தது. அந்த ஊசி மனிதனுக்கானது. நாய்க்கு வாய்த்தது நகராட்சியின் சுருக்குக் கயிறு. 1959-இல் கேப்டன் சுந்தரம் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையும் தடுப்பூசியும் என்ற கருத்தை 1964 முதல் சென்னையில் வலியுறுத்திச் செயற்படுத்தியது. அதுவே நாடு தழுவிய சட்ட விதியாக 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்விதிகள் 2023-இல் புதுப்பிக்கப்பட்டன.

படைக்குக் குதிரை, வரிக்கு மாடு, அச்சத்துக்கு நாய் என்று மூன்று வாயில்கள் வழியே வந்த துறை, எந்தப் பயனும் தராமல் வீட்டில் படுத்திருக்கும் ஒரு நாயை அதன் பொருட்டே பார்க்கத் தொடங்கியது மிக அண்மையில்தான். 'செல்லப்பிராணி' என்ற சொல்லே தமிழுக்குப் புதிது. பக்கத்து இராசபாளையத்து வேட்டை நாயும் சிப்பிப்பாறையும் கன்னியும் காடும் தோட்டமும் காத்தவை. வீட்டுக்குள் படுத்த நாய், நடுத்தர வர்க்கத்தின் பொமரேனியனோடு வந்தது. 1978-இல் உலகம் முதன்முதலாக அறிந்த பார்வோ வைரஸ் நோயும் சில ஆண்டுகளில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. இரத்தக் கழிச்சலில் ஒரு வாரத்துக்குள் குட்டியைக் கொல்லும் இந்நோய்தான் பல குடும்பங்களை முதன்முறையாகக் கால்நடை மருத்துவரின் வாசலுக்குத் துரத்தியது.

இனி நம் ஊருக்கு வருவோம். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னரே, 2012-இல், திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. அரசு மருந்தகம், தனியார் மருத்துவர், கல்லூரி மருத்துவமனை என மூன்று படிகள் நம்முன் உள்ளன. இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பதைவிட எது எதற்கு என்று கேட்பதே முறை. தடுப்பூசி, குடற்புழு நீக்கம், எளிய காயம், சாதாரணக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு அரசு மருந்தகம் போதும். செலவும் மிகக் குறைவு. இரவிலும் விடுமுறையிலும், தொடர்ந்து கவனிக்க வேண்டிய நோயிலும் அருகிலுள்ள தனியார் மருத்துவரின் துணை வேண்டும். எலும்பு முறிவு, கட்டி, வெளிப்படாத நோய் என்றால் பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் கணக்கில் கொண்டாலும் கல்லூரி மருத்துவமனைக்குப் போவதே பெரும்பாலும் மலிவு.

மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் வேளை நோய் வருமுன் அமைய வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவு பெற்ற மருத்துவரே விலங்கு மருத்துவம் பார்க்கலாம் என்கிறது. ஊசி போடத் தெரிந்த எல்லாரையும் 'டாக்டர்' என்றழைக்கும் நம் பழக்கத்தில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. பதிவு உண்டா என்று கேட்பது அவமதிப்பாகாது. அதற்கு மேல் நாம் நோக்கத்தக்கவை மூன்று. விலங்கைத் தொட்டுப் பார்க்கிறாரா, அல்லது நாம் சொல்வதைக் கேட்டே ஊசியை எடுக்கிறாரா? கொடுத்த மருந்தைச் சீட்டில் எழுதித் தருகிறாரா? தம்மால் ஆகாததை ஆகாது என்று சொல்லி வேறிடம் அனுப்புகிறாரா? மூன்றாவது பண்பு உடையவரை எளிதில் விட்டுவிடக் கூடாது.

செலவைப் பற்றிய முதல் முடிவு குட்டி வாங்கும்போதே எடுக்கப்பட்டுவிடுகிறது. பனிநாட்டு ஹஸ்கியைச் சித்திரை வெயிலில் வளர்ப்பவர் மருத்துவச் செலவையும் சேர்த்தே வாங்குகிறார். நம் மண்ணின் கன்னியும் தெருவில் பிறந்த குட்டியும் இவ்வெயிலுக்கு ஈடுகொடுப்பவை. இரண்டாவது, தடுப்பு. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் நான்கு மாதம் வரை போட வேண்டிய ஊசிகளுக்கு ஆகும் செலவு, பார்வோவுக்குச் சில நாள் குளுக்கோஸ் ஏற்றும் செலவில் ஒரு சிறு பங்கே. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சலைச் சாரல் நனைக்கும் குற்றாலத்தில் தனியாக நினைவில் கொள்ள வேண்டும். உண்ணியை வாரந்தோறும் கையால் தேடி எடுக்கும் அரைமணி நேரம், இரத்தசோகையில் முடியும் காய்ச்சலிலிருந்து காக்கும். பெண் நாய்க்குச் செய்யும் கருத்தடை, பின்னாளில் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்குப் போராடும் அவசரத்தைத் தவிர்க்கும். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களையொட்டித் தமிழகத்தின் பல ஊர்களில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. 1885-இல் பாஸ்டர் முதல் சிறுவனுக்கு ஊசி போட்ட நாள் முன்னது. அவர் மறைந்த நாள் பின்னது.

சிக்கனம் என்ற பெயரில் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. நம் மாத்திரையை விலங்குக்குக் கொடுப்பது. ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொல்லப் போதும். மாட்டின் வலிக்குப் போட்ட மலிவான டைக்ளோபினாக், அம்மாட்டின் உடலைத் தின்ற பாறு கழுகுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்த பிறகே, 2006-இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடைசெய்யப்பட்டது. மலிவின் விலையை வேறொரு உயிர் கொடுத்தது.

கடைசியாக, பேசக் கூசும் ஒன்று. மனித மருத்துவத்தில் உயிரின் முன் பணத்தைப் பேசுவது பாவம் என்று பழகிய நாம், அதே நாணத்தோடு நாயையும் தூக்கிச் செல்கிறோம். கையில் இருப்பதைச் சொல்லாமல் தலையாட்டுகிறோம்; கட்ட முடியாமல் பாதியில் நிறுத்துகிறோம். பாதி மருத்துவம் பணத்தையும் தின்று உயிரையும் விடுவதில்லை. ஆனால் நாம் கண்ட வரலாறு முழுவதும் விலங்கு மருத்துவம் விலையோடு பேசிப் பழகிய துறை. ஏழை உழவனின் ஒற்றை மாட்டின் முன் நின்ற மருத்துவர், 'இவ்வளவுதான் முடியும்' என்ற சொல்லை ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். அவரிடம் நம் நிலையை முதலிலேயே சொல்லலாம். இந்தச் சோதனையால் மருத்துவம் மாறுமா, இதைவிடக் குறைந்த செலவில் செய்யத்தக்கது எது, பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு, இல்லையெனில் வலியின்றி விடைகொடுக்க இயலுமா என்று கேட்கலாம். இக்கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்பவரே நல்ல மருத்துவர். இவற்றைக் கேட்பதால் நம் அன்பு குறைந்துவிடாது. மாட்டாஸ்பத்திரி வாசலில் கன்றோடு நிற்பவர் கூச்சமின்றிக் கேட்கும் கேள்விகளே இவை. நாயோடு நிற்கும் நாமும் கேட்கலாம்.