சவாய் அரங்கின் ஜோடிகள்

நியூயார்க்கின் ஹார்லெமில் 1926-இல் திறந்த சவாய் அரங்கில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினார்கள். அன்றைய அமெரிக்காவில் அது பெரிய விஷயம்.

லிண்டி ஹாப் என்ற ஜோடி நடனம் வளர்ந்தது அங்கேதான்.

1935-இல் அங்கே ஒரு நடனப் போட்டி. ஃபிராங்கி மேனிங்கும் ஃபிரீடா வாஷிங்டனும் முதுகோடு முதுகு சேர்த்து, முழங்கைகளைக் கோத்துக்கொண்டார்கள். மேனிங் குனிய, ஃபிரீடா அவர் முதுகின்மேல் உருண்டு, சிக் வெப் இசைக்குழுவின் தாளம் பிசகாமல் எதிரே வந்து இறங்கினார். வீட்டில் மெத்தை போட்டுப் பழகியிருந்தார்கள். பெயர் வாங்கியவர் மேனிங். ஆனால் பார்க்க முடியாத பக்கம் நம்பிப் பாய்ந்தவர் ஃபிரீடா. அந்தத் துணிச்சல்தான் பாதி நடனம்.

சவாய் 1958-இல் மூடப்பட்டது. அஞ்சலக ஊழியராகிவிட்ட மேனிங்கை 1980-களில் லிண்டி ஹாப் கற்க விரும்பிய இளைஞர்கள் தேடிப்பிடித்தார்கள். ஜோடியை அரசியாக நடத்துங்கள் என்றுதான் அவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.