ஒரு நாள் ஓட்டம், ஒரு வருஷ பார்க்கிங்: ஸ்ரீவில்லிபுத்தூர் தேரின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு காரைப் பத்தினது. ஆனா பெட்ரோல் கார் இல்ல.

கனடாவுலயோ நார்வேயிலயோ ஃப்ரெண்ட்ஸ் இருந்தா கேட்டுப் பாருங்க. பனிக்காலம் தொடங்கும் முன்னாடி சிலர் தங்களோட காரை நாலஞ்சு மாசத்துக்கு மொத்தமா நிறுத்திடுவாங்க. சும்மா போர்வையைப் போட்டு மூடிட்டுப் போறதில்ல. கழுவித் துடைச்சு ஈரம் போக்கணும், பேட்டரி கனெக்‌ஷனைக் கழட்டணும், டயர்ல காத்து பார்க்கணும், எலி புகாம சைலன்சர் வாயை அடைக்கணும். முக்கியமா, ஹேண்ட் பிரேக் போடக்கூடாது. மாசக்கணக்கா போட்டா பிரேக் ஒட்டிக்கும். அதுக்குப் பதிலா சக்கரத்துக்கு அடியில ஒரு கட்டை வைப்பாங்க.

அந்தக் கட்டையை நாம ரொம்பக் காலமா பயன்படுத்திட்டு வர்றோம். பேரு முட்டுக்கட்டை. "என் கல்யாணத்துக்கு எங்க அப்பாதான் முட்டுக்கட்டை"ன்னு சொல்றோமே, அதேதான். தேர் ஓடும்போது சக்கரத்துக்கு முன்னாடி சொருகி, திருப்பவும் நிறுத்தவும் உதவுற மரக்கட்டை.

இப்ப புரிஞ்சிருக்கும். வெள்ளைக்காரங்க கோயில் தேரை 'டெம்பிள் கார்'னு எழுதினாங்க. தேர் ஓடுற தெரு 'கார் ஸ்ட்ரீட்' ஆச்சு. பல ஊர்ல கூகுள் மேப்ல இன்னும் 'ஈஸ்ட் கார் ஸ்ட்ரீட்' இருக்கு.

364 நாள் என்ன நடக்குது?

எனக்கு ஊர் ராஜபாளையம். அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல அரை மணி நேரம்கூட ஆகாது. ஆடிப்பூரம்னா எங்க பக்கம் எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. ஆண்டாள் அவதரித்த நாளா கொண்டாடுறது ஆடி மாசத்துப் பூர நட்சத்திரம். அன்னைக்கு ஆண்டாளும் ரெங்கமன்னாரும் பெரிய தேர்ல ஏறி ரத வீதிகளைச் சுத்தி வருவாங்க. டிவி, போன், யூடியூப், எல்லாத்துலயும் அந்த ஒரு நாள்தான் வரும்.

நான் பேச நினைச்சது மிச்சம் 364 நாளைப் பத்தி.

நம்ம கண்ணுக்குத் தெரியற அந்த உயரமான தேர்ல ரெண்டு பகுதி உண்டு. கீழ இருக்கறது சிற்பங்கள் செதுக்கின மர அடிப்பகுதி. இலுப்பை, வேங்கை, தேக்கு மாதிரி கனமான மரங்கள்ல, தட்டுத் தட்டா அடுக்கிச் செய்வாங்க. அதுதான் தேரோட நிரந்தர உடம்பு. அதுக்கு மேல கோபுரம் மாதிரி தெரியறது மூங்கிலும் கம்பும் கட்டி, தேர்ச்சீலையால மூடி, தொம்பை தொங்கவிட்டுச் செய்த அலங்காரம். திருவிழா முடிஞ்சதும் இந்த மேல்பகுதியைப் பிரிச்சிடுவாங்க. துணி, மரக்குதிரை, கலசம் எல்லாம் பத்திரமா உள்ளே போயிடும். அடிப்பகுதி மட்டும் தன் நிலையில நிக்கும்.

ஆடி முடிஞ்சா ஆவணி. பழைய தமிழ்ப் பகுப்புப்படி ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். பின்னாடியே ஐப்பசி, கார்த்திகை அடைமழை. அதாவது நம்ம 'கார்' நிறுத்தி வைக்கப்படுறதே கார்காலத்துக்குத்தான். எங்க விருதுநகர் மாவட்டம் வறண்ட பூமிதான். ஆனா மரத்துக்கு மழையைவிட ஆபத்தான ஒண்ணு இருக்கு: மழை, வெயில், மறுபடி மழைன்னு மாறி மாறி வர்றது. நனைஞ்சா மரம் உப்பும், காஞ்சா சுருங்கும். வருஷக்கணக்கா இப்படியே நடந்தா மூட்டுகள் தளரும், பலகை வெடிக்கும். கீழ இருந்து கரையான் ஏறும். இரும்புப் பட்டையில துரு பிடிக்கும்.

இதுக்கு முன்னோர் செய்த ஏற்பாடு தென்னங்கீற்றுக் கொட்டகை. வெயிலுக்கு நல்லது, காத்தும் போகும். ஆனா ஒரு தீப்பொறி போதும். அதனால அப்புறம் தகர ஷெட் வந்தது. இப்ப பல ஊர்ல கண்ணாடியோ ஃபைபரோ போட்ட கூண்டு.

புரி என்ன செய்யுது?

இதுக்கு நேர் எதிரான ஒரு வழியும் இருக்கு. ஒடிசாவுல புரி ஜெகந்நாதர் கோயில். அங்க மூணு தேர். ஜெகந்நாதர் தேருக்கு 16 சக்கரம், பலபத்திரருக்கு 14, சுபத்திரைக்கு 12. அந்த மூணு தேரையும் வருஷா வருஷம் புதுசா செய்யறாங்க! திருவிழா முடிஞ்சதும் பிரிச்சிடுவாங்க, அந்த மரத்துல பெரும்பகுதி கோயில் மடப்பள்ளி அடுப்புக்கு விறகாப் போகும்.

கேட்டா 'அய்யோ'ன்னு தோணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. அங்க தேர் செய்யத் தெரிஞ்ச தச்சருக்கு வருஷம் தவறாம வேலை இருக்கு. அப்பா செய்யறதைப் பையன் பக்கத்துல நின்னு பார்க்கறான். புரி தொழிலைக் காப்பாத்துது. நாம பொருளைக் காப்பாத்தறோம். பல தலைமுறைக்கு ஒரே தேர்னா, புதுத் தேர் செய்யற வேலை ஒரு தச்சர் குடும்பத்துக்கு எப்பவோ ஒரு தடவைதான் வரும். அப்ப அந்த அறிவு எங்க தங்கும்? தேரை வருஷா வருஷம் தொட்டுப் பார்க்கறதுலதான்.

எங்க சொந்தத்துல ஒரு மாமா மில்லுல ஃபிட்டரா இருந்தவர். ராஜபாளையத்துல 1930கள்லயே நூற்பாலை வந்தாச்சு, அதனால எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு மெஷின் பேச்சு உண்டு. அவர் சொல்வார்: "ஓடுற மெஷின் சத்தம் போட்டுக் கோளாறைச் சொல்லிடும். நின்ன மெஷின் வாயே திறக்காது."

தேருக்கும் அதே கதைதான். ஓடணும்னு ஒரு தேதி இருந்தாத்தான் யாராவது ஷெட்டைத் திறப்பாங்க. தண்ணி பீய்ச்சிக் கழுவுவாங்க. அச்சைப் பார்ப்பாங்க, கிரீஸ் போடுவாங்க. பொதுப்பணித்துறை இன்ஜினியர் வந்து உறுதிச் சான்று தரணும். வடத்தைச் சோதிக்கணும். தெருவுல பள்ளம் மூடணும், குறுக்க போற மின்கம்பியைக் கழட்டணும். ஒரே ஒரு நாள் ஓட்டம், ஒரு ஊரையே சர்வீஸ் பண்ண வைக்குது.

இந்த வேலையில ஒண்ணு விட்டுப் போனா என்ன ஆகும்னு 2022 ஏப்ரல்ல பார்த்தோம். தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல அப்பர் தேரோட உச்சி உயர் அழுத்த மின்கம்பியில பட்டு 11 பேர் இறந்தாங்க. வண்டி நல்லா இருந்தா மட்டும் போதாது, வழியும் தயாரா இருக்கணும்.

நின்னா, நின்னதுதான்

சரி, தேர் ஓடாம நின்னா? திருவாரூரைப் பாருங்க. ஆழித்தேர், அலங்காரத்தோட 96 அடி உயரம், சுமார் 300 டன் எடைன்னு சொல்வாங்க. 1920கள்ல தீயில எரிஞ்சு, திரும்பக் கட்டின தேர். அது 1948க்குப் பிறகு ஓடவே இல்லை. மறுபடி ஓடினது 1970ல. நடுவுல ஒரு தலைமுறையே தேரோட்டம் பார்க்காம வளர்ந்துடுச்சு. திரும்ப ஓட வைக்க திருச்சி பெல் நிறுவனத்தோட இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் தேவைப்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரும் இப்ப இரும்புச் சக்கரத்துலதான் ஓடுது. மரச்சக்கரக் காலத்துல நிலைக்கு வர நாள் கணக்கா ஆகும்னு பெரியவங்க சொல்வாங்க. இப்ப அன்னைக்கே வந்து சேர்ந்துடுது.

மரம் கெட்டுத்தான் தேர் நிக்கணும்னு இல்லை. தேவகோட்டை பக்கம் கண்டதேவி. வடத்தை யார் தொடலாம்னு சாதிப் பிரச்சினை. தலித் மக்கள் தங்களுக்கும் இழுக்கற உரிமை வேணும்னு கேட்டாங்க. 1998ல தேர் நின்னது. இடையில போலீஸ் காவலோட ஓடி, மறுபடி 15 வருஷத்துக்கு மேல நின்னு, நீதிமன்றம் வரைக்கும் போய், 2024 ஜூன் 21 அன்னைக்குத்தான் ஓடுச்சு. அங்க கரையான் தேர்ல இல்லை.

நம்ம எல்லாருக்கும் பொதுவா ஒரு பெரிய பார்க்கிங் வந்தது கொரோனாவுல. 2020, 2021 ரெண்டு வருஷமும் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய தேர் ரத வீதிக்கு வரலை. 2022 ஆகஸ்ட் 1, ஆடிப்பூரம். வடம் பிடிச்ச கூட்டத்தோட 'கோவிந்தா கோபாலா' சத்தம் நாலு வீதிக்கும் கேட்டது. ரெண்டு வருஷத்துல அந்தத் தேர் மறுபடி புறப்பட முடிஞ்சதுக்குக் காரணம், எந்தக் கட்டை எங்க போடணும்னு தெரிஞ்ச ஆட்கள் இன்னும் ஊர்ல இருந்தாங்க. அதே இடைவெளி இருபது வருஷமா இருந்திருந்தா?

கண்ணாடிக் கூண்டு நல்ல விஷயம், வேண்டாம்னு சொல்லலை. ஆனா அது மழையை மட்டும்தான் தடுக்கும். தேரோட உண்மையான பராமரிப்பு அடுத்த வருஷம் அதை இழுக்க வர்ற கைகள்தான். அந்தக் கைகள் சென்னையிலயும் பெங்களூர்லயும் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்திருக்கு. சில சமயம் இந்த எபிசோடைக் கேட்டுட்டும் இருக்கு.

அடுத்த தடவை ஊருக்குப் போனா, கார் ஸ்ட்ரீட்ல அந்த ஷெட் பக்கத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. சக்கரத்துக்கு அடியில கட்டை இருக்கான்னு பாருங்க. கடைசியா எப்ப ஓடுச்சுன்னு பக்கத்து டீக்கடையில கேளுங்க. "போன வருஷம்"னு பதில் வந்தா சந்தோஷம். "எங்க தாத்தா காலத்துல"ன்னு வந்தா, ஏன்னு அடுத்த கேள்வி கேளுங்க. பதிலை எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.