ஒலிவாங்கியும் சந்தாவும்: மலையகக் கட்சி அரசியலில் நிகழ்ச்சி நடத்துநரின் எல்லை

அமெரிக்காவில் ஒலிபரப்புச் சமநிலை விதி 1987இல் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வானொலிப் பேச்சு நிகழ்ச்சி நடத்துநர் ரஷ் லிம்பா நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கினார். 1994இல் வென்ற குடியரசுக் கட்சிப் புதுமுகங்கள் அவரைக் கௌரவ உறுப்பினராகவே கொண்டாடினர். இதைக் கொண்டு, பேச்சு நிகழ்ச்சி நடத்துபவர் கட்சியையே கையில் எடுத்துவிடுவார் என்று பொதுவிதி வகுப்பவர்கள் உண்டு. இலங்கை மலையகத்தில் கொத்மலையை உள்ளடக்கிய நுவரெலியா மாவட்டம் அந்த விதிக்குப் பணியவில்லை. இங்கும் ஒருவர் திரையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார்: சக்தி தொலைக்காட்சியின் ‘மின்னல்’ அரசியல் நிகழ்ச்சியை நடத்திய ஜே. ஸ்ரீரங்கா, 2010இல் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் வென்றார்.

அந்த வெற்றியைக் குரலின் வலிமைக்குச் சான்றாகக் காட்டலாம். விருப்பு வாக்கு முகம் தெரிந்தவருக்குச் சாதகம் என்பதும் உண்மையே. ஆனால் விருப்பு வாக்கு கட்சிப் பட்டியலுக்குள் மட்டுமே செல்லும். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அரசாங்கக் கூட்டணியில் இருந்ததால் ஐ.தே.க.வுக்குத் தோட்ட வாக்கு தேவைப்பட்டது. அந்தத் தேவையே நடத்துநருக்கு இடம் கொடுத்தது. கட்சிதான் அவரைப் பயன்படுத்தியது. அதே பட்டியலில் வென்ற இன்னொருவர் தொழிலாளர் தேசிய சங்கத்தின் பழனி திகாம்பரம். 2015இல் அவர் தமிழ் முற்போக்குக் கூட்டணியின் தலைவர்களுள் ஒருவராக நாடாளுமன்றத்துக்குத் திரும்பி வந்தார். ஸ்ரீரங்கா அந்த நாடாளுமன்றத்தில் இல்லை. தனிப்பட்ட தேர்தல் கணக்குகளுக்கும் இதில் பங்கிருக்கலாம். எனினும் அடிப்படை வேறுபாடு மறைவதில்லை. சங்கத்துக்குச் சம்பளத்தில் கழிக்கப்பட்ட சந்தா இருந்தது, தோட்டத்துக்குத் தோட்டம் தலைவர் உண்டு. தோட்ட நிர்வாகியான துரை ஒருவரின் வேலையை நிறுத்தினால் மறுநாள் காலையில் பேசப் போக ஆள் உண்டு. ரசிகர்களுக்கு அங்கத்துவப் புத்தகம் கிடையாது.

அலைவரிசை அரசின் பிடியில் இருந்ததால்தான் குரல் வளரவில்லை என்பது வலுவான மறுப்பு. கொத்மலைச் சமுதாய வானொலி 1989இல் தொடங்கியதே அரச ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான். அதன் மொழியும் பெரும்பாலும் சிங்களம். 1995இல் நேயர்கள் பங்கேற்ற முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைக் கூட்டுத்தாபனம் திடீரென நிறுத்தியது. பங்கேற்ற நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டதாக 1996இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1998 முதலே தனியார் தமிழ் அலைவரிசைகள் மலைநாட்டில் கேட்கின்றன. அவற்றிலிருந்து வலுவான கட்சி எதுவும் எழவில்லை.

கட்சியை மாற்றாவிட்டாலும் பேசுபொருளை மாற்றலாமே என்றால், அதை ஒப்புக்கொள்ளலாம். எல்லையும் அங்கேயே தெரிகிறது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக 2018 அக்டோபரில் காலிமுகத்திடலில் கூடிய இளைஞர்களைத் திரட்டியவை சமூக ஊடகங்கள், எந்த நட்சத்திர நடத்துநரும் அல்ல. 2019 சனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாயென்று கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை பழைய சங்கங்கள்தாம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி இம்மாவட்டத்தில் முதலிடம் பெற்றபோது சங்கங்களின் பிடி தளர்ந்தது மெய். அந்த இடத்தையும் ஒலிவாங்கி நிரப்பவில்லை. வென்ற தரப்புக்குத் தோட்டங்களில் சொந்தமாகவே ஒரு தொழிற்சங்கம் இருந்தது.